காசமே, உன் பொறுமையே பொறுமை

மட்டக்களப்பில் வடமோடிக் கூத்து ஆடும் இரவில், பாத்திரம் களரிக்கு வரும்போது பாடும் வரவு தருமனுக்கு மட்டும் உரியது அல்ல. துரியோதனன் களரிக்கு வந்தாலும் அவனுடைய தோள்வலியையும் படைப்பெருக்கத்தையும் குறைவில்லாமல் சொல்லித்தான் பாடுவார்கள். அவன் கெட்டவன் என்பதற்காகக் கூத்தை நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தை மெதுவாக அடிப்பதில்லை. எதிரில் நிற்பவனின் பலம் சபைக்குத் தெரிந்தால்தான் அவனை வெல்ல எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதும் தெரியும். காசநோயே, அந்த முறைப்படி உனக்கும் இந்த வாவிக்கரையில் ஒரு வரவு பாட வேண்டியிருக்கிறது. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறாய். உன்னை ஏசியவர்கள் பலர், உனக்குப் பயந்தவர்கள் அதைவிடப் பலர். உன் குணநலன்களை வரிசையாக எடுத்துச் சொன்னவர்கள்தான் குறைவு. இனி நான் சொல்லப்போகும் சிறப்புகள் அத்தனையும் உனக்கு உரியவை. ஒன்றையும் கூட்டிச் சொல்லப் போவதில்லை.

முதலில் உன் பொறுமையைச் சொல்ல வேண்டும். குடலில் வாழும் சில கிருமிகள் இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். நீ ஒன்று இரண்டாவதற்குப் பதினாறு முதல் இருபது மணித்தியாலம் எடுத்துக்கொள்கிறாய். உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருடைய உடம்பில் நீ குடியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரிடமே வாழ்நாளில் எப்போதாவது நோயாக எழும்புகிறாய். பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் எழும்புவாய். அது முடியாவிட்டால் பத்து வருடமோ முப்பது வருடமோ படுத்துக் கிடப்பாய். 1990இன் போர்க்கால இடப்பெயர்வில், முகாம் மண்டபத்தில் பக்கத்துப் பாயில் இருமியவரிடமிருந்து ஒரு சிறுவனுக்குள் நீ போயிருக்கலாம். அவன் வளர்ந்தான், தோணி வாங்கினான், 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலைக்குத் தப்பினான், போர் முடிந்ததையும் பார்த்தான். அவனுக்கு வயதாகி, நீரிழிவு வந்து, உடம்பு தளர்ந்த பிறகு நீ எழும்பி வந்து உன் கணக்கைக் கேட்கிறாய். ஒரு மனிதனுக்காக இவ்வளவு காலம் காத்திருக்கிற திட்டம் எங்கள் அலுவலகங்களில் ஒன்றுகூட இல்லை.

உன் துணிவு அடுத்தது. நுரையீரலின் காற்றறைகளில் கிருமிகளை விழுங்கி அழிக்கவென்றே காவல் அணுக்கள் சுற்றித் திரிகின்றன. பல கிருமிகள் அவற்றிடமிருந்து தப்பி ஓடப் பார்க்கும். நீயோ அவற்றால் விழுங்கப்பட்டு, அவற்றின் வயிற்றுக்குள்ளேயே இருந்து வாழப் பழகிக்கொண்டாய். மெழுகு போன்ற தடித்த தோல் உன்னைக் காக்கிறது. உன்னைச் செரிக்க வேண்டிய அமிலம் உன்னைத் தொடாதபடி தடுத்துக்கொள்ளும் வித்தை உனக்குத் தெரியும். அதைப் பார்த்து உடம்பு மேலும் காவலரை அனுப்பி உன்னைச் சுற்றி மதில் கட்டுகிறது. நீ அந்த மதிலுக்குள் உறங்குகிறாய். கொல்ல வந்தவனின் வீட்டிலேயே குடியிருக்கத் துணிந்த உனக்கு, எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குள் நுழைவது பெரிய வேலை அல்ல.

உன் எளிமையும் பாராட்டத்தக்கது. டெங்குவுக்கு நுளம்பு வேண்டும், தேங்கிய தண்ணீர் வேண்டும். வாந்திபேதிக்கு அழுக்குக் கிணறு வேண்டும். உனக்கு வேண்டியது ஒரு இருமலும் ஒரு பூட்டிய அறையும்தான். நோயாளி இருமும்போது வெளிவரும் துளிகளில் மிக நுண்ணியவை காய்ந்து, காற்றில் மணிக்கணக்காக மிதக்கும். அதே அறையில் படுத்துறங்கும் பிள்ளை அதை உள்ளே இழுக்கும். மருந்து குடிக்காத நோயாளி ஒருவர், நெருங்கிப் பழகுவோரில் வருடத்துக்கு ஐந்து முதல் பதினைந்து பேருக்கு உன்னைக் கொடுக்க முடியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காற்று ஓட்டத்தில் நீ கலைந்துபோவாய், நேர் வெயிலில் செத்துப்போவாய். எங்களிடம் வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் என்ன குறை? ஆனாலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், களவுக்குப் பயந்தும் நுளம்புக்குப் பயந்தும் ஊர்க் கண்ணுக்குப் பயந்தும் யன்னலைச் சாத்தி வைக்கிறோம்.

இதில் இன்னொன்றையும் உனக்காகச் செய்து வைத்திருக்கிறோம். வீட்டில் ஒருவருக்கு நீ வந்திருக்கிறாய் என்று தெரிந்ததும் அவருடைய தேத்தண்ணிக் கோப்பையைப் பிரித்து வைப்போம், சோற்றுக் கோப்பையைப் பிரித்து வைப்போம், அவர் இருந்த கதிரையில் மற்றவர் இருக்கமாட்டோம். நீ கோப்பையால் பரவுவதில்லை, கதிரையால் பரவுவதில்லை, தொடுவதாலும் பரவுவதில்லை. மனிதரைப் பிரித்துவிட்டு யன்னலைப் பூட்டிய இடத்தில் நீ நிம்மதியாக இருக்கிறாய். நீ செய்யாத தீங்குக்காக நோயாளியை ஒதுக்குகிறோம். நீ உண்மையில் செய்யும் தீங்குக்கு வழியைத் திறந்துவிடுகிறோம். உன் மேல் பழி வராமல் காக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

அடக்கத்தில் உனக்கு நிகர் நீயே. மலேரியா நடுக்கத்தோடு வரும். டெங்கு ஆளைக் கட்டிலில் தள்ளிக்கொண்டு வரும். நீ ஒரு சாதாரண இருமலாக வந்து திண்ணையில் இருக்கிறாய். வாவிக்கு வலை வீசப் போகிறவருக்கு இருமல் வந்தால் தாய் சொல்வாள்: "தடிமன்தானே மனே, கொத்தமல்லி அவிச்சுத் தாறன், குடி." கொத்தமல்லியில் ஒரு வாரம் போகும். பார்மசியில் வாங்கிய பாணி மருந்தில் அடுத்த வாரம் போகும். பிறகு தனியார் டிஸ்பென்சரியில் ஐந்து நாள் அன்ரிபயோட்டிக். அவற்றில் சில வகைகள் உன்னைக் கொல்லாமல் கொஞ்ச நாள் அமர்த்தி வைக்கும். இருமல் குறையும், "சுகமாயிற்று" என்று எல்லோரும் நினைப்போம், சளியைப் பரிசோதித்தாலும் அந்த நேரத்தில் நீ பிடிபடாமல் போகலாம். பின்னேரத்துக் காய்ச்சல், இரவில் தலையணை நனையும் வியர்வை, சோறு பிடிக்காமை, சாரம் இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிவு. எல்லாவற்றையும் நீ ஒளிக்காமல் காட்டிக்கொண்டேதான் இருக்கிறாய். அவை கண்ணில் பட்டும் நாங்கள் "பாடுபட்டு உழைக்கிறான், அதுதான் மெலிஞ்சு போனான்" என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். சளியில் இரத்தம் கண்ட பிறகுதான் வைத்தியசாலைக்கு ஓட்டோ பிடிக்கிறோம்.

ஏழைகள் மேல் நீ வைத்திருக்கும் அன்பை யாரும் மறுக்க முடியாது. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் இந்த வாவி மாவட்டத்தை இரண்டு கரையாகப் பிரிக்கிறது. பெரிய வைத்தியசாலையும் நகரமும் அலுவலகங்களும் எழுவான்கரையில். வயலும் காடும் மாட்டுப்பட்டியும் படுவான்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே பாதைதான் மக்களைச் சுமந்தது. கூலிவேலைக்காரர் ஒருவர் தன் இருமலைக் காட்ட எழுவான்கரைக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடும். சளி முடிவை வாங்க மறுபடி போனால் இன்னொரு நாள். அவர் தயங்குவதில் குற்றம் காண முடியாது. நீ தயங்குவதில்லை. மழைக்காலத்தில் வழி வெட்டப்பட்ட ஊருக்கும், கடற்கரை மீன்வாடிக்கும், சிறைச்சாலையின் நெருக்கமான கூடத்துக்கும் நீ போகிறாய். எந்த அரச உத்தியோகத்தரும் கதவு கதவாகப் போவதற்கு முன்பே நீ போய்விடுகிறாய்.

பசித்த வீட்டை நீ ஒருநாளும் மறந்ததில்லை. மெலிந்த உடம்பில் காவல் அணுக்களும் மெலியும் என்பது உனக்கு நன்றாகத் தெரியும். இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நோயாளிகளின் வீட்டாருக்குக் கூடுதல் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். அரிசி, பருப்பு, சத்துக்குளிசை, அவ்வளவுதான். அந்த வீட்டாரிடம் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ நாற்பது வீதம் குறைந்தது என்று 2023இல் வெளியான முடிவு சொன்னது. அரிசி மூட்டையும் பருப்புப் பொதியும் உனக்கு எதிரான ஆயுதம் என்பதை நீ எங்களுக்கு முன்பே அறிவாய். 2022இன் பொருளாதார நெருக்கடியில் இந்த நாட்டின் பல வீடுகள் மீனையும் முட்டையையும் பாலையும் கைவிட்டு ஒருவேளைச் சோற்றோடு நின்றபோது, அதைக் கவனித்துக்கொண்டிருந்தவர்களில் நீயும் ஒருவன்.

உனக்கு நண்பர்களைத் தேர்ந்தெடுக்கத் தெரியும். நீரிழிவு உன் நெருங்கிய தோழன். சீனி வருத்தம் உள்ளவரிடம் நீ எழும்பும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு மூன்று மடங்கு. இலங்கையின் வளர்ந்தோரில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு அந்த வருத்தம் இருக்கிறது. வயலோரத்தில் இரகசியமாய் வடிக்கும் கசிப்பு இன்னொரு தோழன். அது ஈரலைக் கெடுப்பதோடு சாப்பாட்டையும் மறக்கடிக்கிறது, மருந்து குடிக்கும் நேரத்தையும் மறக்கடிக்கிறது. பீடியும் சிகரெட்டும் நுரையீரலின் வாசலை உனக்காகத் தேய்த்து வைக்கின்றன. இந்தக் கூட்டத்தில் யாரையும் நீ விட்டுக்கொடுப்பதில்லை. எங்களிடமோ நீரிழிவுக் கிளினிக்குக்கு வருகிறவரின் இருமலை அங்கேயே கேட்டு அறியும் வழக்கம் இன்னும் முழுதாக ஊன்றவில்லை. உன் நட்பு நாள்தோறும் நடக்கிறது. எங்கள் ஒத்துழைப்பு கூட்டக் குறிப்புகளில் நடக்கிறது.

இனி உன் இரகசியம் காக்கும் பண்பு. ஒரு வீட்டில் நீ இருப்பதை அயலவரிடம் நீயாக ஒருபோதும் சொன்னதில்லை. குடும்ப மானத்தை உன்னளவு காத்தவர் யாரும் இல்லை. மகளுக்குக் கலியாணம் பேசும்போது தகப்பனின் மருந்து அட்டை அலுமாரிக்கு அடியில் போகும். தமையனுக்கு "நெஞ்சுச் சளி" என்று மட்டும் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வார்கள். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஆறியிருந்தாலும் உன் பழைய தழும்பு அதில் தெரிந்தால் பயணம் நின்றுபோகலாம். கடன்பட்டு, நகையை அடகு வைத்து, பிள்ளைகளைத் தாயிடம் விட்டுப் புறப்படுகிற பெண்ணுக்கு அந்த ஒரு படத்தில் எல்லாம் இருக்கிறது. ஆகவே இருமலை மறைக்கிறாள். அந்த மறைவு அவளுக்கு ஒரு பயனும் தராமல் உனக்கே பயன்படுகிறது. "வெளியில சொல்லாதே மச்சி" என்று உறவினர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் உனக்கு இன்னும் சில மாதங்கள் கிடைக்கின்றன.

உன் நெருங்கிய உறவான குட்டநோய்க் கிருமியை இந்த வாவி நன்றாக அறியும். அந்த நோயாளிகளுக்கென்று பிரித்தானியர் காலத்தில் வாவியின் நடுவே மாந்தீவில் வைத்தியசாலை அமைத்தார்கள். அங்கே போனவர்களின் உடம்பு மருந்தால் ஆறிய பின்பும் சிலருக்குத் திரும்பி வர வீடு இருக்கவில்லை. குட்டநோய்க்கு முழு மருந்து வந்து பல பத்தாண்டுகள் ஆகியும் மட்டக்களப்பு அந்த நோய் கூடுதலாகக் காணப்படும் மாவட்டங்களில் ஒன்றாகவே இருக்கிறது. ஒதுக்கி வைத்ததால் நோய் ஒதுங்கவில்லை. வெட்கத்தால் மனிதர்கள் ஒளிந்தார்கள், நோயும் அவர்களோடு ஒளிந்துகொண்டது. அந்தப் பாடத்தை நாங்கள் மறந்தோம். நீ மறக்கவில்லை.

உன் விழிப்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த வரவு குறைபடும். உனக்கு எதிரான சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு வகை மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு வகை. இலங்கையில் அது முழுவதும் இலவசம். பக்கத்து வைத்தியசாலையிலேயே ஒருவர் பார்த்திருக்கக் குளிசையை விழுங்கும் ஏற்பாடும் உண்டு. மருந்து தொடங்கிச் சில வாரத்தில் இருமல் தணியும், பசி எடுக்கும், முகத்தில் தசை பிடிக்கும், மற்றவருக்குத் தொற்றும் வலுவும் பெரும்பாலும் போய்விடும். அங்கேதான் நீ கண் விழித்திருக்கிறாய். "சுகமாயிற்று, இனி எதற்கு இத்தனை குளிசை?" என்று ஒருவர் மூன்றாம் மாதத்தில் நிறுத்துவார். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைக் கண்டு இன்னொருவர் பயந்து நிறுத்துவார். மருந்தில் ஒன்றின் நிறம் அது, ஆபத்து எதுவும் இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அறுவடைக்காலம் வந்து வேறொருவர் வேறு ஊருக்குப் போவார். அந்த இடைவெளியில், செத்தவை போக எஞ்சிய உன் வலிய பிள்ளைகள் பெருகும். மருந்துக்கு அடங்காத நோயாக நீ திரும்பி வருவாய். அப்படி வந்தால் முன்னெல்லாம் ஒன்றரை வருடத்துக்கு மேல் ஊசியும் குளிசையுமாகச் சிகிச்சை நீளும், சிலருக்குக் காது கேளாமலும் போகும். 2022 முதல் உலக சுகாதார நிறுவனம் அதற்கும் ஆறு மாதச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. எங்கள் கவனம் எந்த மாதத்தில் தளரும் என்பதை எங்களைவிட நீ துல்லியமாக அறிந்திருக்கிறாய்.

பேருக்கு ஆசைப்படாத உன் பெருந்தன்மையை 2020இல் முழு உலகமும் கண்டது. கொரோனா வந்தபோது ஒவ்வொரு மாலையும் தொலைக்காட்சியில் எண்ணிக்கை சொன்னார்கள். எங்கள் மாவட்டத்தில், புணானையில் தனிமைப்படுத்தும் நிலையம் திறந்தார்கள். காத்தான்குடி ஆதார வைத்தியசாலையைக் கொரோனாச் சிகிச்சைக்கு ஒதுக்கினார்கள். உன்னை யாரும் கேட்கவில்லை, நீயும் முறையிடவில்லை. 2019இல் உலகில் 71 இலட்சம் பேருக்கு உன்னைக் கண்டுபிடித்துப் பதிவு செய்தார்கள். 2020இல் அது 58 இலட்சமாக இறங்கியது. நோய் குறைந்ததால் இறங்கவில்லை, தேடுவது நின்றதால் இறங்கியது. இருமினாலே பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயத்தில் எங்கள் ஊர்களில் இருமியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தார்கள். நீ அங்கே அவர்களுக்குத் துணையாக இருந்தாய்.

அந்தக் காலத்தில் இந்த நாட்டின் அரசு இறந்தவர்களோடு போராடிக்கொண்டிருந்தது. கொரோனாவால் இறந்தவரைப் புதைத்தாலும் எரித்தாலும் கேடில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், கட்டாயமாக எரிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அது தளர்ந்தது. மார்ச் மாதம் இதே மாவட்டத்தின் ஓட்டமாவடியில், மஜ்மா நகரில், அடக்கம் தொடங்கியது. ஒரு வருடத்துக்குள் 3,600க்கும் மேற்பட்டவர்கள் அங்கே மண்ணுக்குள் போனார்கள். 2024 யூலையில் அமைச்சரவை அந்தக் கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. இறந்தவர்கள் இருமமாட்டார்கள். அவர்களுடைய சடலங்களுக்காகச் செலவழித்த பலத்தில் ஒரு பங்கை உயிரோடு இருமிக்கொண்டிருந்தவர்களுக்குச் செலவழித்திருந்தால் உனக்கு அவ்வளவு வசதி கிடைத்திருக்காது. 2023இல் உலகில் 1 கோடியே 8 இலட்சம் பேர் உன்னால் நோயுற்றார்கள், 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தார்கள். தனி ஒரு கிருமியால் ஏற்படும் சாவுகளில் கொரோனாவிடம் கொடுத்திருந்த முதலிடத்தை நீ அமைதியாகத் திரும்ப எடுத்துக்கொண்டாய்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உன்னால் எங்களுக்குக் கிடைத்த கல்வியையும் சொல்ல வேண்டும். உன்னைப் பற்றி மனிதர் கற்றதெல்லாம் பெரிய கல்வி. 1882 மார்ச் 24ஆம் திகதி பெர்லினில் ரொபேர்ட் கொக் உன்னை உலகுக்குக் காட்டினார். 1928இல் டாக்டர் சௌரிமுத்து சென்னைக்கு அருகே தாம்பரத்தில் காசநோயாளிகளுக்கான சானட்டோரியம் திறந்தார். அன்று கொடுக்க முடிந்தது நல்ல காற்றும் ஓய்வும் உணவும்தான். 1943இல் ஸ்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனாலும் 1948இல் சிறுகதை எழுத்தாளர் புதுமைப்பித்தனை, நாற்பத்திரண்டு வயதில், தமிழிடமிருந்து எடுத்துக்கொண்டாய். ஐசோனியசிட் என்ற மலிவான குளிசை உனக்கெதிராகக் களத்துக்கு வந்தது 1952இல். நான்கு வருடம் பிந்திவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது தமிழர் எல்லோரும் தலைநிமிர்ந்து சொல்ல வேண்டிய செய்தி. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். நகரின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளிலிருந்து நோயாளிகளை எடுத்து, ஒரு பாதியினரைச் சானட்டோரியத்திலும் மறுபாதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். சானட்டோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று. வீட்டில் குறைந்த சாப்பாடு, நெருக்கடி, வேலை. 1959இல் முடிவு வெளியானது. மருந்தை ஒழுங்காகக் குடித்தால் வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு சுகமானார்கள். அவர்களுடைய வீட்டாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகெங்கும் சானட்டோரியங்களின் கதவை மூடவைத்த தீர்ப்பு அது. தமிழ் பேசும் ஏழைகளின் குடிசைகளில் உனக்கு எதிராக எழுதப்பட்ட தீர்ப்பு. நோயாளியை ஒளிக்க வேண்டாம், துரத்த வேண்டாம், மருந்தைத் தவறாமல் கொடுத்தால் போதும் என்று அறுபது வருடத்துக்கு முன்பே எங்கள் மொழி பேசுவோரின் வீடுகளில் நிரூபித்துவிட்டார்கள். அந்த அறிவு இருக்கும்போதே வாவியின் இரண்டு கரையிலும் நாங்கள் கோப்பையைப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறோம். அறிவு எங்களிடம் இருக்கிறது. அதன் பயனை நீ அனுபவிக்கிறாய்.

இலங்கையில் வருடத்துக்கு ஏறத்தாழ 8,000 முதல் 9,000 பேர்வரை உன் நோயாளிகளாகப் பதிவாகிறார்கள். உண்மையில் நோயுற்றவர்கள் அதைவிடச் சில ஆயிரம் பேர் கூடுதல் என்று கணக்கிடப்படுகிறது. அந்தச் சில ஆயிரம் பேர்தான் உன்னுடைய உண்மையான செல்வம். அவர்கள் பஸ்ஸில் எங்கள் பக்கத்து ஆசனத்தில் வருகிறார்கள், அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார்கள், வகுப்பறையில் படிப்பிக்கிறார்கள், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்கிறார்கள். அவர்களுக்குத் தங்களிடம் நீ இருப்பது தெரியாது. உனக்கு மட்டும் தெரியும்.

ஆகவே உன் சிறப்புகளைக் கூட்டிப் பார்க்கிறேன். பொறுமை, துணிவு, எளிமை, அடக்கம், ஏழை வீடு தேடிப் போகும் குணம், நட்பில் உறுதி, இரகசியம் காத்தல், விழிப்பு, பேருக்கு ஆசைப்படாமை. இவற்றில் ஒன்றுகூட உன் தனிச்சொத்து அல்ல. பொது சுகாதாரத்துக்கு என்று ஒரு ஒழுக்க நூல் எழுதினால் அதில் வைக்க வேண்டிய குணங்கள் இவை. இவை எங்களிடம் இருந்திருந்தால் உனக்கு இங்கே குடியிருக்க இடம் கிடைத்திருக்காது. மருந்து இல்லாவிட்டால் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரைக் கொன்றுவிடும் நீ, ஆறு மாதக் குளிசைக்கு முன்னால் ஒன்றுமில்லாதவன். உன் வெற்றியில் உன்னுடைய பங்கு சிறியது. எங்கள் தாமதமும் வெட்கமும் பசியும் மறதியும் சேர்ந்து உன்னை அரசனாக்கி வைத்திருக்கின்றன. நீ புகழப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் நாங்கள் தோற்றிருக்கிறோம். நீயும் குற்றமற்றவன் அல்ல. குழந்தையின் மூளைவரை ஏறுகிறாய், உழைக்கிற வயதில் ஆளைச் சாய்க்கிறாய், ஒரு குடும்பத்தின் வருமானத்தை முழுதாகத் தின்றுவிட்டே போகிறாய். ஒரு நாகரிக நாட்டில் இருக்கும் தகுதி உனக்கு எப்போதோ போய்விட்டது.

இனி வாசிப்பவர்களுக்குச் சில சொற்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், அது உங்களுடையதாக இருந்தாலும், கணவருடையதாக இருந்தாலும், கூலிக்கு வந்த ஆளுடையதாக இருந்தாலும், கொத்தமல்லியோடு நிறுத்தாதீர்கள். பக்கத்து அரசாங்க வைத்தியசாலைக்கோ மார்புச் சிகிச்சை நிலையத்துக்கோ போய்ச் சளியைக் கொடுங்கள். காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுத்த சளி நல்லது, எச்சில் உதவாது. நோய் என்று சொன்னால் வீட்டில் உள்ள எல்லோரும், முதலில் சிறு பிள்ளைகளும் நீரிழிவுக்காரரும், பரிசோதனைக்குப் போங்கள். பிறந்த அன்று போட்ட பி.சி.ஜி. ஊசி பிள்ளையை மூளைக்காசம் போன்ற கொடிய வடிவங்களிலிருந்து பெரிதும் காக்கும். வளர்ந்தவருடைய நுரையீரலை அது அவ்வளவாகக் காக்காது. கோப்பையைச் சேர்த்து வையுங்கள், யன்னலைத் திறந்து வையுங்கள், நோயாளிக்கு மீனும் முட்டையும் பருப்பும் கொடுங்கள். ஆறாம் மாதம் கடைசிக் குளிசை விழுங்கும்வரை பக்கத்தில் இருங்கள். சம்பளம் கொடுப்பவர்கள் கிளினிக் நாளுக்குக் கூலியை வெட்டாதீர்கள். பொறுப்பில் இருப்பவர்கள் படுவான்கரையின் கடைசி ஊர்வரை சளிப் பரிசோதனையைக் கொண்டு போங்கள்.

மருந்து இலவசம், நோய் முழுதாக மாறும், வழி தெரியும். இவ்வளவும் இருந்தும் இந்த வாவிக்கரையில் ஒருவர் காசநோயால் இறந்தால் அந்தச் சாவுக்குப் பொறுப்பு நாங்கள்தான்.